மைதானமும் வாக்குச்சீட்டும்

1990ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் திகதி இலண்டன் மாநகரின் பகுதிகளெங்கும் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றது. நகரின் தென்கிழக்கே, தேம்ஸ் நதியின் தென்கரையில் அமைந்த கிரீனிச் நகரசபைக்கும் அன்றுதான் வாக்கெடுப்பு. தொழிற்கட்சியினதும் கன்சர்வேட்டிவ் கட்சியினதும் அபேட்சகர்களுக்கு நடுவே, அதற்கு முன் எவரும் கேட்டிராத ஒரு கட்சியின் பெயரையும் வாக்காளர் வாக்குச்சீட்டிலே கண்டனர். 'பள்ளத்தாக்குக் கட்சி' என்பது அதன் பெயர். வரியைக் குறைப்போம் என்று அது சொல்லவில்லை. வீடு கட்டித் தருவோம், வீதி திருத்துவோம் என்றும் அது வாக்களிக்கவில்லை. அறுபது அபேட்சகர்களை நிறுத்திய அக்கட்சியின் கோரிக்கை ஒன்றே ஒன்று: தங்கள் உதைபந்தாட்டக் கழகம் தன் சொந்த மைதானத்திலே விளையாட இடமளிக்க வேண்டும்.

உதைபந்தாட்டத்தின் பொருட்டு ஆங்கிலேயர் அழுததும் சிரித்ததும் அடிபட்டதும் புதியவை அல்ல. ஆனால் ஒரு மைதானத்தின் பொருட்டு அவர்கள் கட்சி அமைத்துத் தேர்தலில் இறங்கியது அபூர்வமான நிகழ்ச்சி. பந்தடிக்கும் புல்தரைக்காக இவ்வளவு பெரிய ஆரவாரமா என்று கேட்பவர், அந்தக் காணியின் கதையை முதலிலிருந்தே கேட்க வேண்டும்.

சார்ள்ட்டன் அத்லெட்டிக் என்னும் கழகம் 1905ஆம் ஆண்டில் தோன்றியது. தேம்ஸ் கரையருகே தொழிற்சாலைகள் நெருங்கிய ஈஸ்ட் ஸ்ட்ரீட் என்ற தெருவில், மீசை அரும்பாத சிறுவர் சிலர் கூடிக் கழகம் ஒன்றை அமைத்தனர். நிலையான இடமின்றிப் பல வெளிகளில் ஆடித் திரிந்த அக்கழகம், முதலாம் உலகயுத்தம் முடிந்தபின் 1919இல் ஓர் இடத்தைக் கண்டுபிடித்தது. அது மைதானம் அன்று. மணலும் சுண்ணக்கல்லும் வெட்டியெடுத்துக் கைவிடப்பட்ட பெருங்குழி. நீர் தேங்கிச் சேறாய்க் கிடந்த அந்தக் குழியைச் சமப்படுத்தக் கழகத்திடம் பணம் இருக்கவில்லை. எனவே ஊரார் மண்வெட்டியோடு வந்தனர். வேலை முடிந்த மாலைகளிலும் ஓய்வு நாட்களிலும் குழியின் அடித்தளத்தை வெட்டிச் சமமாக்கினர். வெட்டிய மண்ணைச் சுற்றிவரக் குவித்துப் பார்வையாளர் நிற்கும் மேடாக்கினர். மூன்று பக்கமும் உயர்ந்து நடுவே தாழ்ந்து கிடந்தமையால் அவ்விடத்திற்கு 'த வலி', அதாவது பள்ளத்தாக்கு, என்னும் பெயர் நிலைத்தது.

இடையிலே ஒருமுறை, 1923இல், கழகத்தார் கட்ஃபர்ட் என்ற அயலூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே கூட்டம் சேரவில்லை. ஓராண்டு கழிவதற்குள் பழைய குழிக்கே திரும்பி வந்தனர். அறுபது ஆண்டுகளின் பின் கழகத்தை நடத்தியவர்கள் இந்தச் சிறு வரலாற்றைப் படித்திருப்பார்களாயின், பெரும் பிழையொன்றைச் செய்யாது விட்டிருக்கக் கூடும்.

முப்பதுகளின் தொடக்கத்தில் கழகம் கிளிக்ஸ்டன் என்னும் மரவியாபாரக் குடும்பத்தாரின் கைக்கு வந்தது. அவர்கள் பணம் இட்டனர். ஜிம்மி சீட் என்ற திறமைமிக்க முகாமையாளரை அமர்த்தினர். மூன்றாம் பிரிவிலே கிடந்த கழகம் 1935இலும் 1936இலும் அடுத்தடுத்துப் பிரிவு உயர்ந்து, 1937இல் முதற்பிரிவிலேயே இரண்டாம் இடத்தைப் பெற்றது. 1938ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி அஸ்டன் வில்லாக் கழகத்துடன் நடந்த கிண்ணப் போட்டியைக் காணப் பள்ளத்தாக்கில் 75,031 பேர் திரண்டனர். கிழக்குப் பக்கத்து மண்மேட்டிலே மனிதத் தலைகள் மலைச்சரிவிற் படர்ந்த செடிகள்போல் அடுக்கடுக்காய்த் தோன்றின. 1947இல் இங்கிலாந்தின் கிண்ணமும் கழகத்தின் வசமாயிற்று.

பெருமை நெடுநாள் நிலைக்கவில்லை. 1957இல் கழகம் முதற்பிரிவிலிருந்து இறங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் நடந்த ஓர் ஆட்டத்தை மட்டும் இங்கே சொல்லாமல் விடுவது நியாயமன்று. ஹடர்ஸ்ஃபீல்ட் கழகத்தோடு ஆடுகையில் சார்ள்ட்டன் வீரர் ஒருவர் காயமுற்று வெளியேற, எஞ்சிய பத்துப் பேரும் 1-5 என்று பின்தங்கி நின்றனர். ஆட்டம் முடிந்தபோது கணக்கு 7-6, வென்றது சார்ள்ட்டன். ஜொனி சமர்ஸ் என்பவர் தனியொருவராய் ஐந்து கோல்கள் அடித்தார். நேரமாகவில்லையே என்று தெரிந்தும், தோல்வி உறுதியென்று எண்ணி முன்கூட்டியே வீடு சென்றவர்கள் அதன்பின் வாழ்நாள் முழுவதும் வருந்தியிருப்பர். இத்தகைய நினைவுகளே ஒரு மண்மேட்டை மக்களின் உடைமையாக்குகின்றன. ஆனால் காணி உறுதியிலே நினைவுகள் எழுதப்படுவதில்லை.

உறுதியில் எழுதப்பட்டிருந்தது கிளிக்ஸ்டன் குடும்பத்தின் பெயரே. கழகமும் காணியும் ஒருவர் கையில் இருக்கும்வரை இதனை யாரும் பொருட்படுத்தவில்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கூட்டம் குறைந்தது, வருமானம் சுருங்கியது. 1975ஆம் ஆண்டின் விளையாட்டரங்குப் பாதுகாப்புச் சட்டம் பழைய மைதானங்களின் கொள்ளளவைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. எழுபத்தையாயிரம் பேர் நின்ற இடத்திலே அதன் சிறு பங்கினரே அனுமதிக்கப்பட்டனர். 1982இல் மைக்கல் கிளிக்ஸ்டன் கழகத்தை மார்க் ஹூலியர் என்ற இளம் வணிகருக்குக் கைமாற்றினார். காணியை மாத்திரம் அவர் விற்கவில்லை. அந்நாளோடு சார்ள்ட்டன் கழகம் தன் சொந்தக் குழியிலே வாடகைக் குடியாயிற்று. பின்னால் வந்த துன்பங்கள் அனைத்துக்கும் வித்து இந்தப் பிரிவினையே.

புதிய தலைவர் துணிச்சல்காரர். பார்சலோனாக் கழகத்திலிருந்து அலன் சிமொன்சன் என்பவரை அழைத்து வந்தார். டென்மார்க் நாட்டவரான சிமொன்சன் 1977இல் ஐரோப்பாவின் தலைசிறந்த வீரர் என்ற விருதைப் பெற்றவர். இரண்டாம் பிரிவிலே தட்டுத்தடுமாறிய கழகத்துக்கு அவர் வந்தது, பட்டத்து யானையைக் கூலிவண்டியில் பூட்டியது போன்றது. சில மாதங்களில் அவர் திரும்பிச் சென்றார். கடன் மட்டும் தங்கிவிட்டது. 1984இன் தொடக்கத்தில் நீதிமன்றம் கழகத்தைக் கலைக்க உத்தரவிட்டது. ஜோன் ஃபிரையர் தலைமையிலான புதிய கம்பனியொன்று கடைசி நேரத்தில் வந்து கழகத்தை மீட்டது. மீட்கப்பட்டது கழகத்தின் உயிர் மட்டுமே. மைதானம் முன்போலவே முன்னாட் தலைவரின் உடைமையாக இருந்தது.

1985ஆம் ஆண்டு மே 11ஆம் திகதி வட இங்கிலாந்தில் பிராட்ஃபர்ட் நகர மைதானத்தின் மரக்கொட்டகை தீப்பற்றி 56 பேர் மாண்டனர். அதன்பின் மைதானங்களைச் சோதிக்கும் அதிகாரிகள் கடுமை காட்டினர். அது வேண்டியதே. பள்ளத்தாக்கின் புகழ்பெற்ற கிழக்கு மேடு பாதுகாப்பற்றதென்று மூடப்பட்டது. அதே வேளையில், மேற்குக் கொட்டகைக்குப் பின்னாலுள்ள நிலத்தைத் தம் பாவனைக்கு விடவேண்டுமெனக் காணிக்காரர் கேட்டார். ஒருபுறம் சட்டம், மறுபுறம் உறுதி. நடுவே நின்ற கழகத் தலைவர்கள் எளிய வழியொன்றைத் தேர்ந்தனர்.

செப்டெம்பர் 7ஆம் திகதி, கிறிஸ்டல் பலஸ் கழகத்தோடு நடக்கவிருந்த ஆட்டத்தைக் காண வந்த இரசிகர் கையில் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுக்கப்பட்டது. கழகம் பள்ளத்தாக்கைவிட்டு நீங்குகிறது என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. போகுமிடம் குரொய்டன் பக்கத்திலுள்ள செல்கேர்ஸ்ட் பார்க், அதாவது அன்று எதிரணியாக வந்து நின்ற அதே கிறிஸ்டல் பலஸின் மைதானம். ஒருவரிடமும் ஆலோசனை கேட்கவில்லை; கூட்டம் கூட்டிச் சொல்லவுமில்லை. ஒரு குடும்பத்தில் வீட்டை விட்டுப் போகிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குத் துண்டுக்காகிதம் எழுதித் தெரிவிப்பார் உண்டோ? இரசிகரின் நெஞ்சைப் புண்படுத்தியது இடம்பெயர்வு மட்டுமன்று. அது அறிவிக்கப்பட்ட முறையுமாகும்.

இரண்டு வாரம் கழித்து, செப்டெம்பர் 21இல், ஸ்டோக் சிட்டிக் கழகத்துடன் கடைசி ஆட்டம் நடந்தது. சார்ள்ட்டன் 2-0 என வென்றது. வெற்றியைக் கொண்டாட எவருக்கும் மனமில்லை. செத்த வீட்டுக்கு வைப்பதுபோல் மலர்வளையம் ஒன்று மைதானத்தின் நடுவட்டத்தில் வைக்கப்பட்டது. இரசிகர் புற்றரையிலே இறங்கிக் கண்டனம் தெரிவித்தனர். பின் வாயிற்கதவு பூட்டப்பட்டது.

விதியின் விளையாட்டு என்பது இதுதான் போலும்: இரவல் மைதானத்திலே ஆடிய அந்த முதலாண்டிலேயே கழகம் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. 29 ஆண்டுகளாகக் காத்திருந்த உயர்வு அது. லெனி லோரன்ஸ் என்ற முகாமையாளர், பணமும் வீடும் அற்ற ஓர் அணியை நான்கு பருவங்கள் அப்பிரிவிலே நிலைநிறுத்தினார். இங்கிலாந்தின் பெருங்கழகங்கள் எல்லாம் வந்து ஆடின. ஆனால் பார்க்கும் கூட்டம் பெருகவில்லை. வழமையாக நடந்து சென்று ஆட்டம் பார்த்தவர்கள், இப்போது இலண்டனின் தென்புறத்து நெரிசலுக்கூடாக பஸ் மாறிப் பஸ் ஏறிச் செல்லவேண்டியிருந்தது. பலர் செல்கேர்ஸ்ட் பார்க்கிற் கால்வைப்பதில்லை என்று சபதமே செய்தனர். பெரிய ஆட்டங்களை அவர்கள் இழந்தனர். தங்கள் அணியின் பொற்காலத்தைத் தாங்களே வேண்டுமென்று பார்க்காது விட்டவர்களின் பிடிவாதம் வெளியாருக்கு மூடத்தனமாகத் தோன்றலாம். ஆயினும் அந்தப் பிடிவாதம் இல்லாதிருந்தால் இந்தக் கதைக்கு இரண்டாம் பாகம் இருந்திராது.

பூட்டிய மைதானத்திலே களை மண்டியது. மேடுகளிலே புதர்கள் ஆளுயரம் வளர்ந்தன. அதே காலத்தில் இலண்டனின் காணிவிலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. நகர நடுவிலே கிடக்கும் பழைய மைதானங்கள், கட்டட வியாபாரிகளின் கண்ணுக்குப் புற்றரையாகத் தோன்றவில்லை. கட்டடம் எழும்பாத வெற்றுக்காணியாகவே தோன்றின. 1987இல் மார்லர் என்ற காணி அபிவிருத்திக் கம்பனி, தன் கையிலிருந்த ஃபுலம் கழகத்தைக் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகத்தோடு இணைத்துவிட்டு, ஃபுலமின் ஆற்றங்கரை மைதானத்தைக் கட்டடக் காணியாக்க முயன்றது. இரசிகர் கிளர்ந்தெழுந்து அதனைத் தடுத்தனர். பள்ளத்தாக்கின் நிலையும் இதற்கு வேறாக இருக்கவில்லை. காணியில் வீடு கட்டி, வரும் பணத்தில் வேறோர் இடத்தில் அரங்கு அமைக்கலாம் என்ற யோசனையும் சிலகாலம் உலாவியது.

இரசிகரிடம் இருந்தவை இரண்டு கருவிகள்: பேனாவும் கையெழுத்தும். 1988இல் ரிக் எவரிட் என்ற இளைஞரின் முயற்சியால் 'வொய்ஸ் ஒஃப் த வலி' என்னும் சிறு சஞ்சிகை வெளிவரத் தொடங்கியது. பள்ளத்தாக்கின் குரல் என்பது அப்பெயரின் பொருள். இரசிகரே எழுதி இரசிகரே விற்ற அச்சஞ்சிகை, கழகத் தலைவர்களிடம் கேள்வி கேட்கத் தயங்கவில்லை. யாருக்குக் காணி சொந்தம், யார் யாருக்கு எவ்வளவு கடன், திட்ட அனுமதி எந்நிலையில் உள்ளது என்ற விவரங்களைத் தோண்டியெடுத்து வெளியிட்டது. கோல் கணக்கை மட்டும் படித்துப் பழகிய மக்கள், காணிச்சட்டமும் கம்பனிக் கணக்கும் படிக்கக் கற்றனர். உள்ளூர்ப் பத்திரிகையான 'மேர்க்குரி'யும் அவர்களுக்குத் துணைநின்றது. மைதானத்துக்குத் திரும்பவேண்டுமென்ற விண்ணப்பத்தில் ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டனர்.

இதற்கிடையே கழகத்தின் உரிமை கைமாறியது. ரொஜர் அல்வன், மைக் நொரிஸ் என்பவர்கள் பொறுப்பேற்றனர். இருவரும் காணி வியாபாரத்தோடு தொடர்புடையவர்களாதலால் இரசிகர் முதலில் ஐயத்தோடு நோக்கியதில் வியப்பில்லை. ஆனால் அல்வன் சார்ள்ட்டனின் பழைய இரசிகர். கழகமும் மைதானமும் மீண்டும் ஒரு கைக்கு வந்தன. 1989ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் திகதி, வூலிச் நகரமண்டபத்திலே திரண்ட பெருங்கூட்டத்தின் முன்னிலையில், கழகம் பள்ளத்தாக்குக்குத் திரும்பும் என்று அறிவிக்கப்பட்டது. அன்று அம்மண்டபத்தில் வளர்ந்த ஆண்கள் கண்ணீர் விட்டனர்.

சில நாட்களில், ஏப்பிரில் மாதத்து ஞாயிறு ஒன்றில், இரசிகர் பெருந்தொகையாய் மைதானத்துக்கு வந்தனர். கையிலே கத்தி, மண்வெட்டி, வாள், கூடை. மேடுகளில் மண்டிய புதரை வெட்டினர். வெட்டிய பற்றையைப் புற்றரை நடுவே குவித்துத் தீமூட்டினர். எழுபது ஆண்டுகளுக்கு முன் இந்தக் குழியை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் அக்கூட்டத்தில் இருந்திருக்கலாம். காணி உறுதி எவர் பேரில் இருந்தாலென்ன, ஒரே நிலத்தை இருமுறை தங்கள் கையால் திருத்தியவர்கள் அவர்களே.

வேலை இத்துடன் முடிந்துவிடும் என்றுதான் யாவரும் நினைத்தனர். முடியவில்லை. இதுவரை காணிக்காரரோடும் கழகத் தலைவரோடும் இருந்த வழக்கு, இனி நகரசபையோடு என்றாயிற்று. புதிய அரங்கு கட்டுவதற்குப் பெரும்பணம் வேண்டும். அப்பணத்தைத் தேட, அரங்கோடு சேர்த்து வர்த்தகக் கட்டடங்களையும் எழுப்பக் கழகத்தார் திட்டமிட்டனர். 1990 ஜனவரி 31ஆம் திகதி கிரீனிச் நகரசபையின் திட்டக்குழு அதை நிராகரித்தது.

நகரசபையாரின் பக்கத்திலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. மைதானத்தைச் சுற்றிச் சிறு வீடுகள் நெருக்கமாக உள்ளன. அங்கு வாழ்வோரிற் பலர் வாகன நெரிசலுக்கும் இரைச்சலுக்கும் அஞ்சினர். பொதுப்பயன்பாட்டுக்கென ஒதுக்கிய நிலத்தில் வர்த்தகக் கட்டடம் எழும்புவது நகரத் திட்டத்துக்கு முரண் என்பதும் வெறும் சாட்டன்று. விளையாட்டைக் காட்டிக் காணியை வளைப்பவர்கள் அக்காலத்தில் குறைவாக இருக்கவில்லை. ஆயினும் இங்கே நகரசபை ஒன்றைக் காணத் தவறியது. திட்டத்திற் பிழையுண்டானால் அதைத் திருத்தி எழுதும் வழியைக் காட்டியிருக்கலாம். காட்டியது கதவை மாத்திரமே. இதே சபையின் வாக்காளர்தான் ஐந்தாண்டுகளாக அயலூருக்கு அலைகிறார்கள் என்ற நினைவு அந்த மேசையிலே எவருக்கும் அழுத்தமாக வரவில்லை.

மே மாதத்தில் தேர்தல் வருகிறது என்பதை இரசிகர் நினைவிற் கொண்டனர். சில வாரங்களுக்குள் பள்ளத்தாக்குக் கட்சி பிறந்தது. சாதாரண மக்களே அபேட்சகராயினர்; முன்னர் அரசியல் மேடை ஏறியிராதவர்களே அவர்களிற் பெரும்பாலோர். கழகத்தின் திட்டத்துக்கு ஆதரவாக நின்ற சபை உறுப்பினர் இருவருக்கு எதிராக மட்டும் அவர்கள் எவரையும் நிறுத்தவில்லை. இந்த நன்றியறிதல் தொழில்முறை அரசியல்வாதிகளிடம் காண அரியது. இரசிகரிடையே விளம்பரத்துறையில் வல்லவரும் இருந்தனர். அவர்கள் தீட்டிய பெருஞ் சுவரொட்டிகள் கிரீனிச்சின் வீதிகளெங்கும் எழுந்தன. இரைந்து திட்டாமல், பழைய நாட்களை நினைவூட்டி, நெஞ்சைத் தொடும் சொற்களில் வாக்குக் கேட்டன. உதைபந்தாட்ட இரசிகர் என்றால் போத்தல் எறிபவர், கலகக்காரர் என்று இங்கிலாந்து முழுவதும் பேசிய காலம் அது. அக்காலத்தில் ஓர் இரசிகர் கூட்டம் கதவு கதவாய்த் தட்டிப் பணிவாக வாக்குக் கேட்டு நின்றது.

வாக்கெண்ணியபோது பள்ளத்தாக்குக் கட்சிக்குக் கிடைத்தவை 14,838 வாக்குகள். நூற்றுக்கு 10.9 வீதம். ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. தொழிற்கட்சியே மீண்டும் சபையைக் கைப்பற்றியது. கணக்குப்படி இது தோல்வி. ஆனால் திட்டத்தை நிராகரித்த குழுவின் தலைவர் தமது ஆசனத்தை இழந்தார். பத்திலொருவர் ஒரு மைதானத்துக்காகவே வாக்களித்தனர் என்ற செய்தி வென்றவர் காதிலும் விழுந்தது. அதே இளவேனிலில் கழகம் முதற்பிரிவிலிருந்து இறங்கியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வாக்குகள் ஆட்டத்தின் வெற்றிக்காகப் போடப்பட்டவை அல்ல என்பது தெளிவாகும்.

புதிய சபை பேச முன்வந்தது. கழகமும் திட்டத்தைத் திருத்தியது. 1991 ஏப்பிரிலில் அனுமதி கிடைத்தது. இப்போது பணம் இல்லை! செல்கேர்ஸ்ட் பார்க்கைவிட்டு வெளியேறிய கழகம், சொந்த வீடு ஆயத்தமாகாமையால் தேம்ஸ் நதிக்கு வடக்கே வெஸ்ட் ஹாம் கழகத்தின் அப்டன் பார்க்கில் மீண்டும் வாடகைக்கு அமர்ந்தது. திரும்பும் நாள் குறிக்கப்பட்டது, தள்ளிப்போனது, மறுபடி குறிக்கப்பட்டது, மறுபடியும் தள்ளிப்போனது. கட்டட வேலை நின்று கிடந்தது. 1992இல் இரசிகரிடமே கழகம் கையேந்தியது. பணம் தருவோருக்குப் பல்லாண்டுக்குச் சலுகை விலையில் அனுமதிச்சீட்டும், கழகப் பணிப்பாளர் சபைக்கு இரசிகர் சார்பில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் அளிக்கப்பட்டன. பத்து லட்சம் பவுணுக்கு மேல் சேர்ந்தது. துண்டுக்காகிதத்தில் விடைகொடுக்கப்பட்டவர்கள், ஏழாண்டு கழியப் பணிப்பாளர் மேசையில் ஓர் ஆசனம் பெற்றனர்.

1992 டிசம்பர் 5ஆம் திகதி சனிக்கிழமை. பூட்டிய வாயில் திறந்தது. கடைசி ஆட்டம் நடந்து 2,632 நாட்கள் கழிந்திருந்தன. எழுபத்தையாயிரம் பேரைக் கண்ட இடத்தில் அன்று 8,337 பேர். மேற்குப் பக்கத்தில் தற்காலிகக் கொட்டகை. எதிரணி போர்ட்ஸ்மத். ஏழாவது நிமிடத்தில் கொலின் வோல்ஷ் கோல் அடித்தார். அதற்குமேல் ஒரு கோலும் விழவில்லை, வேண்டியதும் இல்லை.

சார்ள்ட்டன் காலிசெய்த செல்கேர்ஸ்ட் பார்க் வாடகை வீட்டுக்கு 1991இல் இன்னொரு கழகம் குடிவந்தது. அது விம்பிள்டன். அதுவும் சிலகாலத்துக்கென்றே வந்தது. அதன் பழைய மைதானம் விற்கப்பட்டது. 2003இல் கழகத்தை அதன் உரிமையாளர் நெடுந்தூரத்திலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்கே கொண்டுபோயினர். விம்பிள்டன் இரசிகர் 2002இலேயே தமக்கெனப் புதுக்கழகம் ஒன்றை அடித்தளத்திலிருந்து தொடங்கி, 2020 நவம்பரிலேதான் தம் பழைய வட்டாரத்தை வந்தடைந்தனர். ஒரே வாடகை வீட்டில் அடுத்தடுத்து இருந்த இரு கழகங்களில் ஒன்று ஏழாண்டில் வீடு திரும்பியது, மற்றது பிளவுபட்டது. சார்ள்ட்டனின் காணியிலே கட்டடம் எழும்புமுன் இரசிகர் விழித்துக்கொண்டதே இருவர்க்கும் உள்ள வேற்றுமை.

பள்ளத்தாக்கு அதன்பின் செழித்தது. 1998 மே மாதம் வெம்பிளி அரங்கில் சண்டர்லாந்துக் கழகத்தோடு 4-4 எனச் சமநிலையில் முடிந்து, தண்ட உதைகளில் 7-6 என்று தீர்ந்த ஆட்டத்தின் மூலம் சார்ள்ட்டன் பிரிமியர் லீக் என்னும் தலைப்பிரிவை அடைந்தது. அரங்கும் படிப்படியாய் விரிந்து 27,000 பேருக்கு இடமளித்தது. 2013இல் இரசிகர் சங்கத்தின் விண்ணப்பத்தின்மேல் மைதானம் சமுதாயப் பெறுமதியுள்ள ஆதனமாகப் பதியப்பட்டது. விற்க முற்பட்டால் ஊராருக்கு அறிவித்து, அவர்கள் விலைபேச அவகாசம் தரவேண்டும் என்பது அப்பதிவின் பயன். பதிந்தது அதே கிரீனிச் நகரசபை.

2014 ஜனவரியில் ரோலண்ட் டுஷாத்லே என்ற பெல்ஜியச் செல்வர் கழகத்தையும் மைதானத்தையும் வாங்கினார். பல நாடுகளிற் பல கழகங்களை வைத்திருந்த அவருடைய ஆட்சிமுறை இரசிகருக்கு ஒத்துவரவில்லை. 2016இல் கழகம் பிரிவு இறங்கியது, எதிர்ப்பு முற்றியது. அவ்வாண்டு ஒக்டோபரில், தங்கள் உரிமையாளரோடு தாமும் பிணங்கியிருந்த கொவென்ட்ரிக் கழக இரசிகர் விருந்தாளிகளாய் வந்த நாளில், இருபக்க இரசிகரும் சேர்ந்து பிளாஸ்டிக் பன்றிப் பொம்மைகளை ஆயிரக்கணக்கில் புற்றரையிலே வீசி ஆட்டத்தை நிறுத்தினர். வாக்குச்சீட்டுக் காலத்துப் பணிவு இதில் இல்லைத்தான்.

2020 ஜனவரியில் டுஷாத்லே கழகத்தை விற்றார். வாங்கிய கம்பனி தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் ஈஸ்ட் ஸ்ட்ரீட் இன்வெஸ்ட்மென்ட்ஸ். 1905இல் சிறுவர் கூடிய தெருவின் பெயர் அது. கைமாறியது கழகம் மட்டுமே. பள்ளத்தாக்கு பெல்ஜியரிடமே தங்கியது. சில மாதங்களுக்குள் அந்தக் கம்பனிக்காரர் தமக்குள் சண்டையிட்டு நீதிமன்றம் ஏறினர். செப்டெம்பரில் தோமஸ் சான்ட்கார்ட் என்ற டென்மார்க் நாட்டில் பிறந்த வணிகர் கழகத்தை வாங்கியபோது இரசிகர் மைதான வாயிலில் கூடி ஆரவாரித்தனர். அவர் வாங்கிய பத்திரங்களிலும் காணி உறுதி இருக்கவில்லை. 1982இல் போலவே, மண்வெட்டியால் உண்டான அந்தக் குழிக்குக் கழகம் வாடகை செலுத்தியது.